வெள்ளியோடு போட்ட எடை

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் வளைகாப்பில் நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். தியாகராய நகர் மண்டபத்தில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நித்யாவின் பெரியம்மா அவளிடம் பேச்சுக் கொடுத்தார். பால் சரியாக வரவில்லை என்றால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, இப்போதெல்லாம் நல்ல பவுடர் இருக்கிறது என்று ஆறுதலாகத்தான் சொன்னார். நித்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க வீட்டுக் குழந்தைக்கு ஒரு சொட்டு டப்பாப் பால் கிடையாது பெரியம்மா. எங்கம்மா யாருன்னு நினைச்சீங்க?" என்றாய். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தார். நானும் சிரித்துவைத்தேன். நித்யா மட்டும் சிரிக்காமல், கை நிறைய வளையலோடு எழுந்து கை கழுவப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அத்தை, எனக்குப் பால் வரலைன்னா உங்ககிட்ட சொல்லலாமா?"

அவள் கேட்டதை இன்னொரு முறை படி. பால் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. சொல்லலாமா என்று கேட்டாள். இருபத்து மூன்று வருஷமாகத் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் மருமகள், அதே விஷயத்தைப் பேச என்னிடமே அனுமதி கேட்கிறாள். இதே கேள்வியை வேறொரு பெண் என்னிடம் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டாள், அவளுக்கு நான் செய்ததை உன்னிடம் சொல்லாமல் இனி இருக்க முடியாது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதையாவது ஆரம்பித்தாலே "விடும்மா" என்பாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. தரமணியிலிருந்து வீட்டுக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படிக்காதே. லீவு நாளில், போனைத் தூரமாக வைத்துவிட்டுப் படி.

முதலில் சின்னப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நீ டப்பாப் பால் குடித்து வளர்ந்தவன். ஆமாம், நீதான். அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். நாற்பத்தைந்து நாள் லீவு கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. டூட்டியில் சேர்ந்த முதல் வாரம் மத்தியானமானால் சட்டை நனையும். இரண்டாவது வாரம் நனைவது குறைந்தது. இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. உன் அப்பாதான் வெந்நீர் ஆறவைத்து, கரண்டியைத் தட்டித் தட்டி அளந்து உனக்குக் கரைத்துக் கொடுப்பார். அந்த ஏக்கத்தில்தான் பிற்பாடு இந்தப் படிப்பைப் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஆஸ்பத்திரி வேலையை விட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். போகிற வீட்டில் எல்லாம் முதலில் என்னைத்தான் கேட்டார்கள், உங்கள் பையனுக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று. ஒன்றரை வருஷம் என்று ஒரு வீட்டில் வாய் தவறிச் சொன்னேன். அடுத்த வீட்டில் வாய் தவறவில்லை, தெரிந்தே சொன்னேன். நாளடைவில் உன்னிடமும் அதையே சொன்னேன். உனக்குச் சளி பிடிக்காததற்கு அது காரணம், கணக்கில் நூறு வாங்கியதற்கு அது காரணம் என்று அளந்துவிட்டேன். மண்டபத்தில் நீ மார்தட்டியது அந்தக் கதையை நம்பித்தான். இதில் எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய். வெட்கம் மட்டும் இருக்கிறது.

தாய்ப்பால் நல்லது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. முக்கால்வாசிப் பெண்கள் பால் போதவில்லை என்று நினைப்பது வெறும் பயம்தான், அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தை வாய் வைக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் போதும், தலையணையை எடுத்துவிட்டு நிமிர்ந்து சாய்ந்து உட்காரச் சொன்னால் போதும், அழுதுகொண்டிருந்தவள் பத்து நிமிஷத்தில் காபி கேட்பாள். அந்த முகம் மாறுவதைப் பார்க்கிற ருசி ஒன்று இருக்கிறது. அது தலைக்கு ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் எடை பார்ப்பது எப்படி என்று ஒருத்தி சொல்லித்தந்தாள். தொழிலுக்கு வந்த புதிதில் வாரம் ஒரு நாள் நொச்சிக்குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள் ஒருத்தி, பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, கடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் எலக்ட்ரானிக் தராசை எடுத்து வைத்து, சட்டையும் துண்டுமாக இருந்த குழந்தையை அப்படியே அதில் கிடத்தினேன். அவள் வஞ்சிரத்தை அறுத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா நீ, துணியோட வெச்சுக்கினு கீற? மீன கூடையோட நிறுத்துக் குடுத்தா நீ வாங்கிக்குவியா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் குழந்தையைப் பிறந்த மேனியாகத்தான் எடை போட்டேன், நாப்கின்கூடக் கிடையாது. பதினேழு வருஷம் அதை மீறியதில்லை. பிறகு ஒரே ஒரு நாள் மீறினேன்.

அந்தப் பெண்ணுக்குத் தேவி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம். நீ அப்போது புனேயில் இருந்தாய். தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆழ்வார்பேட்டையில் வீடு. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிரசவத்தின்போது தேவிக்கு நிறைய இரத்தம் போய், வெளியிலிருந்து இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி இரத்தம் போன சிலருக்குப் பால் சுரப்பது குறையும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டபோது அதை நோட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். பிறக்கும்போது மூன்று கிலோ நூறு கிராம் இருந்த பையன் அன்று இரண்டு எண்ணூற்று ஐம்பது. முதல் வாரத்தில் இறங்குவது வழக்கம்தான். வாய் வைக்கும் விதத்தைச் சரி செய்தேன், அடிக்கடி கொடுக்கச் சொன்னேன், மறுபடி வந்து எடை பார்க்கிறேன் என்றேன். மறுபடி என்பது இரண்டு நாளில் இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் எனக்கு ஏகப்பட்ட வீடுகள். தேவியின் மாமியார் போன் செய்து, பதினோராம் நாள் பெயர் வைக்கிறோம், நீங்களும் விருந்தாளியாக வரணும், அப்படியே பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்றார். ஒரே கல்யாண வீடு போல இருக்கும், போகலாம் என்று நினைத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் தராசுப் பையோடு போனேன்.

தேவி என்னைப் பார்த்ததும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சூட்கேஸில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டினாள். அவளுடைய அண்ணன் யாருக்கும் தெரியாமல் வாங்கிக் கொடுத்தது, இன்னும் பிரிக்கவில்லை. "அக்கா, எனக்குப் பால் பத்தலன்னு தோணுது. அவன் அழக்கூட மாட்டேங்கறான், தூங்கிட்டே இருக்கான். நாளைக்கு ரெண்டு வேளை மட்டும் இத குடுத்துப் பாக்கட்டுமா?" என்றாள். எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றும் என்றேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன்னால் எத்தனை நூறு பேரிடம் சொல்லியிருப்பேனோ. முதலில் எடையைப் பார்ப்போம், தராசு பொய் சொல்லாது என்று வேறு சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

ஹால் நிறைய ஆட்கள். கடைக்காரக் குடும்பங்கள், அவர்களின் மருமகள்கள், அதில் நான்கைந்து பேர் மாசமாக இருந்தவர்கள். சாப்பாட்டு மேஜையின் மேல் தராசை வைத்ததும் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். குழந்தைக்குத் தாய்மாமன் சீராக வந்த வெள்ளி எல்லாம் அப்போதுதான் போட்டிருந்தார்கள். இடுப்பில் பட்டையாக அரைஞாண், கையில் காப்பு, காலில் திருகு வைத்த கெட்டித் தண்டை. அதன் மேல் ஜரிகை வைத்த பட்டுச் சட்டை. கழற்றிவிட்டுத்தான் பார்க்கணும் என்று நான் சொன்னேன், சொல்லாமல் இல்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்ட அன்னைக்கே கழட்டப்பிடாதும்மா. அதோடயே பாத்துச் சொல்லுங்க, கொஞ்சம்தான கூடும்" என்றார். நல்ல மனுஷி, குரலில் அதிகாரம் எதுவும் இல்லை. இன்னொரு அறைக்குப் போய் இரண்டு திருகைத் திருப்ப இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். இல்லை, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சுணங்கி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே கிடத்தினேன். மூன்று கிலோ இருபது கிராம். மூணு கிலோ தாண்டிட்டான் என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாசமாக இருந்த பெண்களில் இரண்டு பேர் அங்கேயே என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கு ஐம்பது கிராம் கழித்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன், கழித்தாலும் நல்ல ஏற்றம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி உள்ளே போய்த் தேவியிடம் பார்த்தாயா என்று கேட்டேன். டப்பாவை நான் என் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் இருந்தால் கை அரிக்கும், நானே எடுத்துப் போகிறேன் என்று வேடிக்கையாகச் சொன்னேன். தேவி சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் புருஷன் போன் செய்தான். பையன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், உதடு காய்ந்திருக்கிறது, ஒண்ணுக்கு செங்கல் நிறத்தில் ஒரு துளி என்றான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து நானும் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது பையனுக்கு ஒரு தடவை வலிப்பு வந்து அடங்கியிருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றி இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். எடை கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தேவியின் புருஷன் என்னைக் காட்டி, நாலு நாள் முன்னால் இவர்கள் பார்த்தார்கள், மூன்று கிலோ இருபது என்றான். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இப்போது அவர்கள் தராசில் பையன் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. டாக்டர் தேவி பக்கம் திரும்பி, நாலு நாளில் இவ்வளவு எப்படிக் குறையும், பால் கொடுக்காமல் விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, பையனிடமிருந்து கழற்றிய நகைகளைப் பஞ்சுத் துணியில் சுற்றி, சொந்தக்காரி என்று நினைத்து என் கையில் கொடுத்தாள். வாங்கிய மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஐம்பது கிராம் எங்கே, இது எங்கே. வராந்தா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து தராசை எடுத்தேன். நூற்று எழுபத்தெட்டு. பட்டுச் சட்டையும் கட்டியிருந்த துணியும் சேர்ந்தால் இருநூற்று நாற்பது வரும். அப்படியானால் பெயர் வைத்த அன்று பையன் இரண்டே முக்கால் சொச்சம்தான் இருந்திருக்கிறான். நான் மூன்று கிலோ தாண்டிட்டான் என்று கூவியபோது அவன் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் பால் போதவில்லை என்று சொன்னது உண்மை. அவள் கையில் வைத்திருந்த டப்பாதான் அன்றைக்கு அவனுக்குத் தேவையாக இருந்தது. அதை நான் எடுத்துப் போய் என் வீட்டுச் சமையலறை மேல் தட்டில் வைத்திருந்தேன்.

அப்போதாவது எழுந்து போய் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த எடை தப்பு, பையன் நாலு நாளில் வற்றவில்லை, பிறந்ததிலிருந்தே வற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று. சொல்லியிருந்தால் வைத்தியம் ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மாறியிருக்குமா என்று இன்றுவரை எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம், வேறென்ன. தராசைப் பைக்குள் வைத்தேன், வெள்ளியை மாமியார் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பையன் போய்விட்டான். அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு வாரம்கூட யாரும் கூப்பிடாத பெயர். நான் துக்கம் கேட்கப் போனபோது மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்க வந்து நல்லாக்கிக் குடுத்துட்டுப் போனீங்க, இவளுக்கு நாலு நாள் காப்பாத்தத் தெரியலையே என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கிட்டே வந்து, ரொம்ப மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நெசமாவே வெயிட் ஏறியிருந்துச்சுல்ல?"

"ஏறியிருந்துச்சும்மா" என்றேன்.

தினேஷ், இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வெள்ளியோடு எடை போட்டது கர்வம், அவசரம், தப்பு. அந்த மாதிரித் தப்பு யார் கையிலும் நடக்கலாம். ஏறியிருந்தது என்று சொன்னது அப்படியல்ல. எனக்கு நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். அவள் இல்லை என்ற பதிலுக்காகத்தான் கேட்டாள், இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவளுக்குத் தன் மீதிருந்த சந்தேகம் அந்த நிமிஷமே போயிருக்கும். என் பெயரைக் காப்பாற்ற, பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் அந்தச் சாவையும் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு நல்ல பெயர்தான், நீயே பார்த்திருக்கிறாய். எடை விஷயத்தில் மேடம் ரொம்பக் கறார் என்பார்கள். தீட்டு, சீர், சம்பிரதாயம் எதுவானாலும் கழற்றிவிட்டுத்தான் கிடத்துவேன், சண்டையே போட்டிருக்கிறேன். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பாலாடையில் கூடுதல் பால் கொடுக்கச் சொல்லிவிடுவேன். உடன் வேலை செய்கிறவர்களில் சிலர் இதற்காக என்னைக் கேலி செய்வதும் உண்டு. என்ன காரணம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வருஷம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், உன் கல்யாணத்தை நடத்தினேன். குற்ற உணர்ச்சி ஆளைத் தின்றுவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். என்னை ஒன்றும் தின்னவில்லை. நித்யா குழாயடியில் அதைக் கேட்கும்வரை நான் சௌக்கியமாகத்தான் இருந்தேன், அதுதான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை தேவியைப் பார்க்கப் போனேன். அவளும் புருஷனும் தனியாக வந்து இப்போது அடையாறில் இருக்கிறார்கள், அவள் அண்ணனிடம் கேட்டு விலாசம் வாங்கினேன். கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். வாங்கக்கா என்றாள், தண்ணீர் கொடுத்தாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம். நின்றுகொண்டே முதலிலிருந்து சொன்னேன், தண்டை, அரைஞாண், வராந்தா, தராசு எல்லாம். முடித்ததும் அவள் எத்தனை கிராம் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு உள்ள வெச்சு உங்ககிட்ட நான் சொன்னது சரியா?"

"சரிதான்மா. நீ சொன்னதுதான் சரி."

போனை எடுத்துக் கடையில் இருந்த புருஷனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினாள். முதலில் இருந்து சொல்லுங்க என்றாள். மறுபடி சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ புடவை விரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் முடித்ததும் லைன் கட்டாகிவிட்டது. உங்கள் அத்தையிடமும் நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அத்தை போன வருஷம் போயிட்டாங்க என்றாள். கடைசிவரை என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலை என்றும் சொன்னாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் குழந்தையைப் பார்த்து, பாப்பா நல்லா வளர்ந்திருக்கா என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷம். அப்போதுதான் தேவி என்னை நேராகப் பார்த்தாள்.

"இவ பொறந்தப்ப எனக்குப் பால் நிறைய வந்துச்சுக்கா. ஜாக்கெட்டெல்லாம் நனையும். ஒரு சொட்டு குடுக்கலை. துணியை வெச்சு மாரை இறுக்கிக் கட்டிக்கிட்டேன், பத்து நாள் ஜுரம். அவன் நல்லா ஏறிட்டு இருந்தான்னு நீங்க சொன்னீங்க, அப்புறம் நாலு நாள்ல போயிட்டான். அந்த நாலு நாள் அவன் குடிச்சது என் பால் மட்டும்தான். அதுல ஏதோ விஷம் இருக்குன்னு நெனச்சேன்."

அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பால் கிடைக்க வழி செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஒரு பெண்ணுக்கு நிறைந்து வழிந்த பாலை, அவள் வீட்டுக்கே போகாமல், அதற்கு மூன்று வருஷம் முன்பே சொன்ன ஒரு வார்த்தையால் கட்டிவைத்திருக்கிறேன். அன்று மாலையே, நான் போகவேண்டிய வீடுகளுக்கெல்லாம் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். குழந்தை பிறந்ததும் நித்யா எத்தனை தடவை கொடுத்தாள், எத்தனை நிமிஷம் கொடுத்தாள் என்று போனில் குறித்துக்கொண்டு அவள் பின்னால் திரியாதே. குழந்தையின் வாய்க்குள் ஈரம் இருக்கிறதா, பசிக்கு எழுந்து கத்துகிறதா என்று நீயே பார். நாப்கினை நீயே மாற்று, எவ்வளவு கனக்கிறது என்று கையில் வாங்கினால்தான் தெரியும். பால் போதவில்லை என்று அவள் சொன்னால் சமாதானம் சொல்லாதே, தைரியம் சொல்லாதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போ. பவுடர் கொடு என்று டாக்டர் சொன்னால் நீயே கடைக்குப் போய் வாங்கி வந்து, நீயே கரைத்து, எல்லோரும் பார்க்க ஹாலில் உட்கார்ந்து கொடு. உன் அப்பா உனக்குக் கொடுத்தார், அதில் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. முக்கியமாக, அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்லும்வரை நீ வாயை மூடிக்கொண்டு நில்.

ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்ல வேண்டாம். குழந்தையை எடை பார்க்க வேறொருத்தர் வரட்டும், நான் தராசை எடுக்க மாட்டேன். இதை நீ படித்து முடித்ததும் அப்படியே நித்யாவிடம் கொடு. சுருக்கிச் சொல்லாதே, எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்காதே, அவளே படிக்கட்டும். குழந்தை பிறந்த பிறகு நான் பார்க்க வரலாமா, தூக்கலாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், எனக்காக அவளிடம் பேசாதே.

அம்மா